கம்ப்யூட்டர் எழும்பவில்லையா? பாகத்தை மாற்றுமுன் முனையைத் துடையுங்கள்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் நான் வைத்திருக்கும் சின்னப் பழுதுபார்ப்புக் கடைக்கு வருகிற போன் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "அக்கா, கம்ப்யூட்டர் ஓட மாட்டேன் என்கிறது." இதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நான் திருப்பிக் கேட்பேன். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியதா? பீப் சத்தம் வந்ததா? மானிட்டர் விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது? கடைசியாக ஒரு கேள்வி. அதைக் கேட்டதும் எதிர்முனையில் சற்று நேரம் பேச்சிருக்காது. "தம்பி, காலையில் மட்டும் ஓடவில்லையா, மத்தியானமும் ஓடவில்லையா?"

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் உப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். உப்பு காய்ந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை தராது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். விடிகாலையில் இங்கே ஈரப்பதம் அந்த அளவை எளிதில் தாண்டுகிறது, வெயில் ஏறியதும் இறங்குகிறது. எட்டு மணிக்கு அசையாமல் கிடந்த பெட்டி பதினோரு மணிக்குத் தானே ஓடுவது இதனால்தான்.

இப்படி நேரம் பார்த்து வரும் கோளாறு, பாகம் செத்துப்போனதன் அடையாளம் அல்ல. ஏதோ ஓர் இணைப்பு முனையில் களிம்பு பிடித்திருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் எழுதிய வழிகாட்டிகள் எஸ்எம்பிஎஸ்ஸை (பெட்டிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) மாற்று, ரேமை (நினைவகப் பலகை) மாற்று என்று தொடங்கும். அவர்கள் ஊருக்கு அது சரியாக இருக்கலாம். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையுள்ள இந்தக் கரையில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் முனை, அடுத்து வயர், கடைசியில்தான் பாகம். புதுப் பாகம் வாங்கச் சொல்லும் மெக்கானிக் பழைய பாகத்தின் முனையைத் துடைத்துப் பார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்து வீடுகளுக்கும், வாடைக்காற்றில் வடகடல் பக்கத்து வீடுகளுக்கும் இந்தத் தொல்லை அதிகம். ஐஸ் கம்பெனி ஆபீஸ்களுக்கு இரட்டைத் தொல்லை. ஐஸ் ஆலைகளில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா கொஞ்சம் கசிந்தாலும் செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். கம்ப்ரசர் அறைக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

இன்னொன்று, ஓடாமல் கிடக்கும் மெஷின்தான் சீக்கிரம் கெடும். ஓடும் பெட்டி உள்ளே சூடாக இருக்கும். சூட்டில் ஈரம் நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வைத்திருப்பவர்களின் கணக்கு அறை இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும். தடை முடிந்து கடலுக்குப் போக டோக்கன் போடுகிற பரபரப்பில் கம்ப்யூட்டரைப் போட்டால் எழும்பாது. தடைக்காலத்திலும் தினம் ஒரு மணி நேரம் அதை ஓட விடுங்கள். மின்கட்டணம் ஒன்றும் பெரிதாக வந்துவிடாது.

கையில் வேண்டியவை: நட்சத்திர முனைத் திருப்புளி, மல்டிமீட்டர், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மென்மையான வெள்ளை ரப்பர், பெயின்ட் அடிக்காத புதுத் தூரிகை, ஐசோபுரொபைல் ஆல்கஹால். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 99 சதவீதம் என்று எழுதிய பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், செண்ட் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது.

அசைவே இல்லை என்றால்

விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. உடனே பெட்டியைத் திறக்க வேண்டாம். சுவர் பிளக்கில் ஒரு மேசை விசிறியைச் சொருகிப் பாருங்கள். போன் சார்ஜரை வைத்துச் சோதிக்காதீர்கள். கரிந்துபோன பிளக்கிலும் சார்ஜர் எரியும், ஏனென்றால் அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. அடுத்து ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ் இரண்டையும் விலக்கிவிட்டு நேராகச் சுவரில் கொடுங்கள். யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி சில வருடங்களில் செத்துவிடும். செத்த பேட்டரியோடு சில யுபிஎஸ்கள் கரண்ட் இருந்தும் வெளியே ஒன்றும் தராது. கம்ப்யூட்டர் போய்விட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரத்திலிருந்து வருகிறார்கள். என் மேசையில் அது சமர்த்தாக ஓடும். குற்றவாளி வீட்டிலேயே இருக்கும்.

பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? டெஸ்டரை வைத்தால் எரிகிறதா? அது பெட்டியின் குற்றம் அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில், இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் போகும். எர்த் அறுந்திருந்தால் தகடு முழுவதும் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். நம் மணல் பூமியில் கோடை வந்தால் எர்த் குழி காய்ந்து பயனற்றுப் போகும். குழியில் தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகு மற்றதைப் பாருங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் துளையில் சொருகுகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

மின்சாரம் சரியாக இருந்தால், பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். மறுபடி சொருகிப் போடுங்கள். கரண்ட் விட்டு விட்டு வந்த நாள்களில் இதிலேயே எழும்பிவிடும் மெஷின்கள் உண்டு.

எழும்பவில்லையா? இப்போது பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். மதர்போர்டின் ஓரத்தில் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர் இரண்டு ஊசிகளில் சொருகியிருக்கும். அதை உருவிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். மெஷின் ஓடத் தொடங்கினால் பொத்தானுக்குள் துரு. சைக்கிள் கடைக்காரருக்குக்கூட மாற்றத் தெரிந்த சாதனம் அது. ரீசெட் பொத்தானின் வயரை அந்த ஊசிகளில் சொருகிவிட்டால், பவர் பொத்தானுக்குப் பதில் அதையே அழுத்தி வருடக்கணக்கில் ஓட்டலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். பவர் கார்டைக் கழற்றி, மதர்போர்டுக்குப் போகும் 24 முனை இணைப்பை உருவுங்கள். அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்று இருக்கும். அந்தத் துளையையும் பக்கத்துக் கறுப்பு வயரின் துளையையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணையுங்கள். பிறகு கார்டைச் சொருகுங்கள். எஸ்எம்பிஎஸ் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் மட்டும் போதாது, மீட்டரை வையுங்கள். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பில் 4.75 முதல் 5.25க்குள், ஆரஞ்சில் 3.14 முதல் 3.47க்குள் இருக்க வேண்டும். இதற்கு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ்தான். எல்லா வயரும் கறுப்பாக இருந்தாலோ, பிராண்டட் மெஷினின் வேறு வகை இணைப்பாக இருந்தாலோ இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்; ஊகத்தில் கிளிப்பைச் சொருகுவது ஆபத்து. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கார்டைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே நிற்கும்.

விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு

என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி இதுதான். முதலில் மானிட்டர் கேபிள். பெட்டியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் சொருகியிருக்க வேண்டும், மதர்போர்டின் துளையில் அல்ல. நீல நிற விஜிஏ முனையை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிகளின் அடியில் பச்சை தெரிந்தால் ஆல்கஹால் தொட்ட தூரிகையால் துடையுங்கள்.

அடுத்து ரேம். இங்கே அவசரப்படாதீர்கள். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வர்ணம் அடிக்காத தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டு, ஸ்லாட்டின் தாழ்ப்பாளை விலக்கினால் ரேம் தானாக எழும்பி வரும். ஓரங்களை மட்டும் பிடியுங்கள். தங்க நிறப் பட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல ரேமில் பட்டைகள் ஒரே நிறத்தில் மின்னும். நம் ஊர் ரேமில் இரண்டு மூன்று பட்டைகள் மங்கி, தேநீர்க் கறை நிறத்துக்கு வந்திருக்கும். கீழ் விளிம்பில் வெள்ளைப் பொடி, அல்லது ஊசி முனையளவு பச்சைப் புள்ளி. தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதில் எங்காவது நுண்துளை இருந்தால் உப்புநீர் அதன் வழியே இறங்கி அடியிலுள்ள செம்பை அரித்து மேலே தள்ளும். அந்தப் பச்சை அதுதான்.

ரேமை வழவழப்பான மேசையில் வைத்து, ரப்பரால் உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் லேசாக இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். பேனா மை அழிக்கும் கரடுமுரடான ரப்பர் கூடாது. உப்புத்தாள் கூடவே கூடாது. அது தங்கத்தைச் சுரண்டி எடுத்துவிடும், அடுத்த மழைக்காலத்தில் ரேம் முழுவதும் போய்விடும். ரப்பர் துகளைத் தூரிகையால் தட்டி, ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். ஸ்லாட்டையும் தூரிகையால் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள்; எச்சிலிலும் உப்பு இருக்கிறது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும், தாழ்ப்பாள் இரு பக்கமும் டக் என்று விழும்வரை அழுத்திப் போட்டுப் பாருங்கள். எழும்பாவிட்டால் வேறு ஸ்லாட், பிறகு அடுத்த ரேம். கிராபிக்ஸ் கார்டின் முனைக்கும் இதே வைத்தியம்தான்.

நிறைய மெஷின்கள் இந்த இடத்திலேயே எழும்பிவிடும். இதற்கு முன்பே புது ரேம் வாங்கியவர்களும் உண்டு. புதிதைச் சொருகும்போது ஸ்லாட்டின் முனைகள் உரசிச் சுத்தமாகி மெஷின் ஓடும். பழைய ரேம்தான் கெட்டுவிட்டது என்று நம்பிவிடுவார்கள். பழையதைத் தூக்கி எறியாமல் என்னிடம் கொடுங்கள், துடைத்து இன்னொருவருக்குப் போடுகிறேன்.

பீப் சத்தம் வந்தால் எண்ணிக்கொள்ளுங்கள். நீண்ட பீப் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ரேம். ஒரு நீண்டது, இரண்டு குறுகியது என்றால் பெரும்பாலும் திரைக்குரிய கார்டு. பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்து இது மாறும், ஆகவே போர்டின் மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். சத்தமே வராத போர்டுகளில் குட்டி ஸ்பீக்கரே சொருகப்படாமல் இருக்கும். மிக மலிவான பொருள், வாங்கி மாட்டிவிடுங்கள்.

எழும்பி உடனே அணைகிறது

எத்தனை நொடியில் அணைகிறது என்று பாருங்கள். சரியாக நான்கைந்து நொடியில் அணைந்தால் முன்பக்கப் பொத்தான் துருவேறி உள்ளேயே சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொத்தானை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் கட்டாயமாக அணைய வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. சிக்கிய பொத்தான் அந்த வேலையை உங்களுக்குப் பதிலாகச் செய்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்கு எஸ்எம்பிஎஸ் போனது போலவே தோன்றும். அந்தப் பெயரில் எத்தனையோ நல்ல எஸ்எம்பிஎஸ்கள் இந்தக் கரையில் குப்பைக்குப் போயிருக்கின்றன. மேலே சொன்னபடி வயரை உருவிவிட்டுத் திருப்புளியால் தொட்டு எழுப்புங்கள். அணையாமல் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

பொத்தான் நல்லதாக இருந்தால் சூட்டைப் பாருங்கள். பிராசசர் விசிறி சுற்றுகிறதா, அதன் அடியிலுள்ள அலுமினியத் தகடு ஆடுகிறதா? நான்கு மூலையில் பிளாஸ்டிக் ஊசி வைத்து அழுத்தும் வகையில் ஓர் ஊசி எழும்பிவிட்டாலே போதும், பிராசசர் கொதித்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். தகட்டைக் கழற்றினால் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து மாட்டுங்கள்.

பல்லியையும் எறும்பையும் சொல்லாமல் விட முடியாது. பின்பக்கம் மூடித் தகடு இல்லாத துளை வழியே பல்லி உள்ளே போகும். இரண்டு ஊசிகளுக்கு நடுவே அது விழுந்தால் அதற்கும் முடிவு, சில நேரம் போர்டுக்கும் முடிவு. துருப்பிடித்து உதிர்ந்த திருகாணி போர்டின் அடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். மேலே உப்பிய கெப்பாசிட்டர், அதன் தலையில் பழுப்புக் கசிவு கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது. ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தேதி மாறிப்போகிறது

ஒவ்வொரு நாளும் கறுப்புத் திரையில் நின்று எஃப் 1 அழுத்தச் சொல்கிறது. தேதி பல வருடம் பின்னால் இருக்கிறது. இது சிமாஸ் பேட்டரி, மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டுவது. சிஆர் 2032 என்று கேட்டால் தருவார்கள், 3 வோல்ட் வட்ட பேட்டரி. மாற்றும்போது அதைப் பிடித்திருக்கும் உலோக நாக்கையும் துடையுங்கள். நாக்கு துருவேறியிருந்தால் புது பேட்டரியும் அப்படியே நடந்துகொள்ளும். தேதி தவறாக இருந்தால் வங்கித் தளமும் அரசுத் தளங்களும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று திறக்க மறுக்கும். இ-சேவை நடத்துகிறவர்கள் நெட் கோளாறு என்று இணைப்புக்காரரைத் திட்டுவதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையை ஒருமுறை பார்த்துவிடலாம்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

சொருகியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பென் டிரைவிலிருந்து எழும்ப முயன்று நிற்கும் மெஷின்கள் ஏராளம். பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை இரு முனையிலும் உருவித் துடைத்துச் சொருகுங்கள், வேறு துளைக்கு மாற்றுங்கள், வேறு கேபிள் போடுங்கள். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று தட்டினால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் டிஸ்க்கில் இருக்கும் உங்கள் கணக்கு விவரத்தில் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறது.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் பாதியில் நிற்கிறது என்றால், ஓரிரு முறை தோற்ற பிறகு அதுவே பழுதுநீக்கும் நீலத் திரையைக் காட்டும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்று போங்கள். அதில் சரியாகாவிட்டால் அதே பக்கத்தில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியே சேஃப் மோடில் எழுப்பி, கடைசியாகப் போட்ட மென்பொருளையோ டிரைவரையோ எடுத்துவிடுங்கள்.

"ஃபார்மட் போட்டுவிடலாம்" என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். நண்டு கம்பெனியின் எடைக் கணக்கும், லாட்ஜின் பதிவேடும், பிள்ளையின் சான்றிதழ் நகலும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. உபுண்டு (விண்டோஸ் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) ஏற்றிய பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினால் விண்டோஸ் செத்திருந்தாலும் பெரும்பாலும் ஃபைல்களை வெளியே எடுக்க முடியும். அதை எடுத்து வைத்துவிட்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம். புதிதாக ஏற்றுவது என்று முடிவானால், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல்நீர் ஏறிவிட்டால்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடி முழங்கினால் பவர் கார்டோடு நெட் கேபிளையும் பிடுங்குங்கள். அதன் வழியாகவும் மின்னல் வரும். தரையில் வைத்த பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டால், ஓடுகிறதா என்று ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். கார்டைப் பிடுங்கிய கையோடு அந்த வட்ட பேட்டரியையும் கழற்றுங்கள். அது உள்ளே இருக்கும்வரை உப்புநீரில் மின்சாரம் ஓடி, செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே இருக்கும். மற்ற வேலையைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

எல்லாம் பார்த்தும் எழும்பவில்லை என்றால் மதர்போர்டாக இருக்கலாம். அப்போது மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்து வர வேண்டாம். பெட்டி மட்டும் போதும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வழிக் குலுக்கலில் ஸ்லாட் உடையாமல் கழற்றித் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். கணக்கு இருக்கும் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாலும் எனக்கு வருத்தமில்லை, சோதிக்க என்னிடம் வேறு டிஸ்க் இருக்கிறது. மீன் வண்டியில் இடம் இருக்கிறது என்று ஐஸ் பெட்டிகளின் மேல் ஏற்றி மட்டும் அனுப்பாதீர்கள்.